20 ஆயிரத்துக்குள், குரல் குரலாகவே கேட்கும் ஹெட்போன்

கேள்வி: “என் ப்ளூடூத் ஹெட்போனில் பாஸ் அதிர்கிறது, ஆனால் பாடுகிறவர் எங்கோ பின்வரிசையில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. நான் கேட்பது பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரியும் எழுபது எண்பதுகளின் சினிமா பாட்டும்தான். குரலும் வயலினும் தெளிவாக, இயல்பாகக் கேட்க வேண்டும். 20 ஆயிரம் ரூபாய் வரை போகலாம். மிட்ரேஞ்ச் நன்றாக இருக்கும் ஹெட்போன் எது?”

மாடல் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரளவு அமைதியான அறை, பக்கத்தில் யாரும் தூங்கவில்லை என்றால் சென்ஹைசர் எச்டி 560எஸ். இன்னும் கொஞ்சம் பணம் புரட்ட முடியும், அல்லது நம்பிக்கையான ஆளிடம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது என்றால் அதே கம்பெனியின் எச்டி 600. வெளிச்சத்தம் உள்ளே வரக் கூடாது என்றால் ஏகேஜி கே371. பெயர் மட்டும் போதும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் உங்கள் கேள்வியில் பாஸ் அதிர்வதையும் பாடகர் பின்னால் போவதையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். நோயையும் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டீர்கள். அதிலிருந்து தொடங்குகிறேன்.

மிட்ரேஞ்ச் என்றால் சுமாராக 250 ஹெர்ட்ஸிலிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு கிழித்த எல்லை கிடையாது. நமக்குப் புரிகிற கணக்கில் சொன்னால், ஒரு கட்டை ஸ்ருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு 196. மேல் ஸ்தாயி பஞ்சமம் வரை போனாலும் அவர் 400ஐத் தாண்ட மாட்டார், இவர் 600ஐத் தாண்ட மாட்டார். அப்படியானால் 4000 வரை எதற்கு என்று கேட்கலாம். ஸ்வரம் எது என்பதை அந்த அடிச்சுருதி சொல்லும். பாடுகிறவர் யார், பாடுகிற எழுத்து எது என்பதெல்லாம் அதற்கு மேலே அடுக்கடுக்காக நிற்கும் துணை ஒலிகளில் இருக்கிறது. பழைய லேண்ட்லைன் போன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டும்தான் கடத்தியது. ஆண் குரலின் அடிச்சுருதி அந்தக் கம்பி வழியே வரவே வராது. அப்படியும் ‘ஹலோ’ என்ற ஒரே சொல்லில் பேசுவது பெரியப்பாவா சித்தப்பாவா என்று கண்டுபிடித்துவிடுவோம் இல்லையா, அதுதான் மிட்ரேஞ்ச்.

தமிழ் கேட்கிறவர்களுக்கு இதைச் சோதிக்க ஒரு வசதி இருக்கிறது. ல, ள, ழ. இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் நாக்கின் இடத்தில் இருக்கிறது. ஒலியில் பார்த்தால் அது பெரும்பாலும் 1500க்கும் 3000 ஹெர்ட்ஸுக்கும் நடுவே விழுகிறது. குறிப்பாக ‘ழ’ சொல்லும்போது நாக்கு வளைவதால் குரலின் மேல் அடுக்கு ஒன்று கீழே இறங்கி வரும். அந்தப் பகுதி அமுங்கிய ஹெட்போனில் ‘வாழை’யும் ‘வாளை’யும் ஒன்றாகிவிடும். வரி தெரிந்த பாட்டென்றால் மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும், அதனால் கண்டுபிடிக்க முடியாது. இதுவரை கேட்காத ஒருவரின் பேச்சை வைத்துக் கேளுங்கள். மெனக்கெடாமல் மூன்றும் பிரிந்து கேட்டால் அந்த ஹெட்போனின் நடுப்பகுதி பரவாயில்லை என்று அர்த்தம். காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருந்தால் வேண்டாம்.

சரி, உங்கள் பாடகர் ஏன் பின்வரிசைக்குப் போனார்? காதுக்கு ஒரு குணம் உண்டு. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருக்கும் ஒலியை மூடும். மேலே இருப்பது கீழே இருப்பதை அவ்வளவாக மூடாது. ப்ளூடூத் ஹெட்போன்களில் பாஸைத் தூக்கும்போது 50, 60 ஹெர்ட்ஸை மட்டும் தூக்கினால் பெரிய கெடுதல் இல்லை. பல மாடல்களில் அந்த ஏற்றம் 200, 300 வரை வழிந்து வருகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியும் பேஸ் கிடாரும் கனத்து, பாடகரின் கழுத்து வரை தண்ணீர் ஏறிவிடும். மிட்ரேஞ்ச் அங்கேயேதான் இருக்கிறது, யாரும் எடுத்துவிடவில்லை. அதன் மேல் போர்வை விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். உங்கள் ஹெட்போனின் ஆப்பில் ஈக்வலைசர் இருந்தால் அதைத் திறந்து 250 ஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையை 3 அல்லது 4 டெசிபல் இறக்குங்கள். அதற்குக் கீழே இருப்பதையும் 2, 3 இறக்கலாம். எதையும் ஏற்ற வேண்டாம். ஆப் இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருள் இருக்கின்றன. வேவ்லெட்டில் ஹெட்போன் மாடலைத் தேர்ந்தெடுத்தாலே அதற்கான திருத்தம் தானாக வந்து உட்காரும். எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று பலர் அளந்த வரைபடங்களை வைத்து, ஆட்டோஈக்யூ என்ற திறந்த மூலத் திட்டம் செய்த திருத்தங்கள் அவை. பத்து நிமிடம் அப்படியே கேளுங்கள். பாடகர் இரண்டு வரிசை முன்னால் வந்துவிட்டார், இதுவே போதும் என்று தோன்றினால் 20 ஆயிரம் மிச்சம். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் இதோடு நிறுத்திக்கொண்டார்கள். போர்வையை எடுத்த பிறகும் குரல் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்றால் அது ஈக்யூவால் முழுதாகத் தீராது, மேலே படியுங்கள்.

‘இயல்பு’ என்ற சொல்லை எல்லா விளம்பரமும் போடுகிறது. ஹெட்போனில் இயல்பு என்பது கொஞ்சம் விசித்திரமான விஷயம். நம் காதுத் துவாரம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் மூடிய குழாய். எந்தக் குழாய்க்கும் போல அதற்கும் சொந்தமாக ஒரு சுருதி இருக்கிறது, 3000 ஹெர்ட்ஸை ஒட்டி. எதிரே உட்கார்ந்து ஒருவர் பேசும்போது காது மடலும் இந்தக் குழாயும் சேர்ந்து அந்த இடத்தைப் பத்து டெசிபலுக்கு மேல் தூக்கித்தான் செவிப்பறைக்குக் கொடுக்கின்றன. பிறந்ததிலிருந்து அப்படியே கேட்டுப் பழகிவிட்டதால் நமக்கு அதுதான் சாதாரணம். ஹெட்போன் காதை மூடி உட்காரும்போது இந்த இயற்கை ஏற்றத்தில் ஒரு பகுதி கெட்டுப்போகிறது. அதை ஹெட்போனே ஈடுகட்ட வேண்டும். அளவு வரைபடத்தில் 3000 பக்கம் ஒரு மேடு தெரிகிறதே, அது தப்பு அல்ல, இருக்க வேண்டியது. கோடு நேராக இருந்தால்தான் இயல்பு என்று நினைத்து வாங்கினால் குரல் துணி போர்த்திய மாதிரி வரும்.

அந்த மேடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2010களில் நிறையப் பேரைக் கேட்கவைத்து ஆராய்ந்து ஒரு வளைவை முன்வைத்தார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் கேட்பது போன்ற சமநிலைதான் பெரும்பாலோருக்குப் பிடித்தது என்பது அதன் சாரம். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். என் காதுக்கு அதன் 3000 மேடு சில குரல்களில் ஒரு சிட்டிகை அதிகம். ஆனால் ஒரு ஹெட்போனின் வரைபடத்தைப் பார்க்கும்போது ஒப்பிட ஒரு அளவுகோலாக அது உதவும். ஒரு எச்சரிக்கை: ஒரே தளத்தில், ஒரே கருவியில் அளந்த வரைபடங்களை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று எடுத்து அடுக்கினால் ஜாதகம் பார்த்த கதைதான்.

கோளாறை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் கணக்கு இது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தால் 200, 300 பக்கம் கூடுதல். மூக்கால் பாடுகிற மாதிரி இருந்தால் 1000ஐ ஒட்டி வீங்கியிருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் பாடுகிற மாதிரி என்றால் 2000 முதல் 4000 வரை போதவில்லை. அதே இடம் அதிகமானால் கல்யாண மண்டபத்துக் குழாய் ஸ்பீக்கர் கத்துவது போல இருக்கும். வயலின் மேல் ஸ்தாயி போகும்போது புருவம் தானாகச் சுருங்கும். ‘ஸ’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் குக்கர் மூச்சு விடுகிற மாதிரி சீறினால் 6000, 8000 பக்கம் கொம்பு முளைத்திருக்கிறது. கடைசியில் சொன்னது மிட்ரேஞ்ச் அல்ல, ஆனால் மிட்ரேஞ்சைக் கெடுப்பதில் பாஸுக்கு அடுத்த குற்றவாளி அதுதான். முதல் பத்து நிமிடம் ‘ஆகா, என்ன தெளிவு’ என்று தோன்றும். தெளிவு போலத் தெரிகிற சீறல் அது. அரை மணி நேரத்தில் கழற்றி வைத்துவிடுவீர்கள்.

இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். பெட்டியின் மேல் ‘ஸ்டூடியோ’ என்று போட்டிருந்தது, ஆன்லைனில் ஆயிரக்கணக்கான ஐந்து நட்சத்திரம், வாங்கிவிட்டேன். மாடல் பெயர் வேண்டாம். முதல் வாரம் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். இரண்டாவது வாரம் ஒரு சந்தேகம் வந்து, ஒரு சின்ன ரெக்கார்டரை ஒரு முழம் தள்ளி வைத்து அம்மாவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். போனில் பதிவு செய்யவில்லை. போன் இரைச்சலை வெட்டுகிறேன் பேர்வழி என்று குரலையும் சேர்த்து வெட்டும். என்ன பேசுவது என்று கேட்டார். சின்ன வயதில் நமக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பார்களே, வியாழக்கிழமை ஏழைக் கிழவன் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்த சமாசாரம், அதையே சொல்லச் சொன்னேன். பிறகு மளிகைச் சீட்டை வாசிக்கச் சொன்னேன்: சீரகம், சோம்பு, சர்க்கரை, வெல்லம், உளுந்து.

அம்மா எதிரே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்க, பதிவை ஒவ்வொரு ஹெட்போனிலும் போட்டுக் கேட்டேன். ப்ளூடூத் ஹெட்போனில் கிழவன் விழுந்தது கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இருந்தது. ஸ்டூடியோ ஹெட்போனில் சீரகமும் சோம்பும் சர்க்கரையும் ஊசியாக இறங்கின. அம்மாவுக்கு இருபது வயது குறைந்து, சளியும் பிடித்திருந்தது. நண்பர் கொடுத்திருந்த எச்டி 600ஐ மாட்டியதும் சிறப்பாக எதுவுமே நடக்கவில்லை. கீரை ஆய்கிறவர் பேசுகிறார், அவ்வளவுதான். அந்த ‘எதுவுமே நடக்கவில்லை’தான் நீங்கள் கேட்கிற இயல்பு. அம்மாவிடம் கொடுத்தபோது “என் குரல் இவ்வளவு கீச்சுன்னா இருக்கு?” என்றார். அதற்கும் காரணம் உண்டு. நம் குரலை நாம் எலும்பு வழியாகவும் கேட்கிறோம், அதில் தாழ்ந்த ஒலி கூடிவிடும். அதனால் சொந்தக் குரலை வைத்து எந்த ஹெட்போனையும் சோதிக்காதீர்கள். தினமும் கேட்கிற இன்னொருவர் குரல் வேண்டும்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. பிபிசி பொறியாளர்கள் ஸ்பீக்கர் வடிவமைத்தபோது, தங்களுக்கு நன்கு பழக்கமான ஆட்களைப் பேசவைத்து, நேரில் கேட்பதையும் ஸ்பீக்கரில் கேட்பதையும் ஒப்பிட்டுத்தான் திருத்தினார்கள். வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காக 1970களில் அவர்கள் செய்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கருக்கு, மனிதக் குரலுக்காகவே இன்றைக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அதில் பாஸ் பெரிதாகக் கிடையாது, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதும் இல்லை.

இனி மாடல்கள். எச்டி 600 வந்தது 1997இல். இத்தனை வருடமாக இந்த ஒரே ஹெட்போனை மற்றதற்கெல்லாம் உரைகல்லாக வைத்துப் பேசுகிறார்கள் என்றால் காரணம் குரல்தான். 200க்கும் 4000க்கும் நடுவே எங்கும் குழியும் இல்லை, மேடு பள்ளமாகக் கரடும் இல்லை. குறைகளைச் சொல்லிவிடுகிறேன்: ஆழமான பாஸ் கீழே போகப்போகக் கரைந்துவிடும், மிருதங்கத்தின் தொப்பியில் ஒலி வரும், உடம்பில் தட்டாது. புதிதில் தலையை இடுக்கி போலப் பிடிக்கும். மேடை விரிந்து தெரியாது, பாடகர் முகத்துக்கு நேரே வந்து உட்காருவார். எனக்கு அது பிடிக்கும், சிலருக்கு மூச்சு முட்டும். 2003இல் வந்த எச்டி 650 கொஞ்சம் கதகதப்பான தம்பி. அதையே மாஸ்டிராப் என்ற அமெரிக்க நிறுவனம் எச்டி 6எக்ஸ்எக்ஸ் என்ற பெயரில் மலிவாக விற்றது. அங்கிருந்து யாராவது கொண்டு வந்தால் சரி, கூரியரில் வரவழைத்தால் சுங்க வரி போட்டு மலிவு என்பது போய்விடும். எச்டி 600க்குப் புதிதாக உங்கள் பட்ஜெட் போதாது. ஆனால் இந்த வரிசையில் கேபிள், காதைச் சுற்றி உட்காரும் பேட், தலைப்பட்டை எல்லாம் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம், அதனால் பழையது வாங்கப் பயப்பட வேண்டாம். பேட் மட்டும் அப்பளமாகியிருந்தால் புதிது போடுங்கள். பேட் அமுங்கினால் உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் காதை நெருங்கிவிடும், குரலின் நிறமே மாறும்.

உங்கள் பட்ஜெட்டுக்குள் எச்டி 560எஸ்தான் அதற்கு நெருங்கிய சொந்தம். 2020இல் வந்தது, மின்தடை 120 ஓம். பாஸ் எச்டி 600ஐ விட ஆழமாக இறங்கும், மேடையும் கொஞ்சம் விலகித் தெரியும். குரல் சுத்தம், ஆனால் ஒரு பிடி மெலிந்திருக்கும். மேல் ஒலிகளில் கொஞ்சம் வெளிச்சம் அதிகம். பதிவு நன்றாக இருந்தால் இது சிக்கலே இல்லை. எண்பதுகளின் பாட்டை யாரோ கேசட்டிலிருந்து ஏற்றி, கூர்மை கூட்டி வைத்திருந்தால் அதையும் உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஈக்யூவில் 5000 பக்கம் இரண்டு டெசிபல் இறக்கிக்கொண்டால் எனக்கு இதில் வேறு மனக்குறை இல்லை. கூடவே வருவது மூன்று மீட்டர் கேபிள். வேட்டியில் சிக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைஃபைமேன் எச்இ400எஸ்இயைச் சொல்பவர்கள் நிறைய. பிளேனார் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தருவது), விலைக்கு அற்புதமான பொருள், வீணையின் மீட்டு அதில் கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கம்பெனியின் பல மாடல்களில் 1000க்கும் 2000க்கும் நடுவே ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். மேடை விரிந்த உணர்வை அது தருகிறது, பதிலுக்குப் பாடகரை ஒரு அடி பின்னால் தள்ளுகிறது. உங்கள் புகாரே அதுதான் என்பதால் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். போன் மட்டும் வைத்து ஓட்டுவதும் சிரமம், நல்ல ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், கேட்கும்.

பேயர்டைனமிக் டிடி 990 பற்றி எல்லோரும் சொல்வார்கள், தலையில் உட்கார வசதியான ஹெட்போன், ஆனால் பாஸும் ட்ரெபிளும் (உச்ச ஒலி) இரண்டு பக்கமும் ஏறி நடுவே பள்ளம். குரல் வேண்டும் என்கிறவருக்கு அது விலாசம் தப்பிய கடிதம். ஏகேஜி கே702இல் 2000 பக்கம் ஒரு முனைப்பு இருக்கிறது, சில பெண் குரல்கள் தெள்ளத் தெளிவாகவும் சில வயலின்கள் காதைக் குத்துவதாகவும் கேட்கும். ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் வாங்கப் போகிறவர்கள் அதற்குப் பதில் எம்40எக்ஸைக் கேட்டுப் பாருங்கள். விலையும் குறைவு, நடுப்பகுதியும் எனக்கு அதில்தான் நேர்மையாகப் படுகிறது. சோனி எம்டிஆர்-7506 ஒரு தனி ஜாதி. 1991 முதல் ஒலிப்பதிவு ஆட்களின் தலையில் இருப்பது. வசனத்தில் சின்ன இருமல், ஆடை உரசல் எதுவும் தப்பாது. அது வேலைக்கான கருவி, சாய்வு நாற்காலியில் சாய்ந்து தோடி கேட்பதற்கு அல்ல.

கிண்ணத்தின் வெளிப்பக்கம் திறந்திருந்தால் ஓபன் பேக், மூடியிருந்தால் க்ளோஸ்டு பேக். நான் சொன்ன இரண்டு சென்ஹைசரும் திறந்தவை, உள்ளே பாடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். இந்த விஷயத்தில் வழக்கமாகச் சொல்வது, ஓபன் பேக்கில் கிண்ணத்துக்குள் எதிரொலி இல்லாததால் நடுப்பகுதி சுலபமாகத் திறந்து வரும் என்பது. உண்மைதான். ஆனால் இதை எழுதுகிறவர்கள் தலைக்கு மேல் மின்விசிறி ஓடாத ஊரில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். நம் வீட்டில் ஃபேன் ஐந்தில் ஓடும்போது ஓபன் பேக்கை மாட்டினால் அந்த இரைச்சல் முழுதும் உள்ளே. தம்புரா அதில் கரைந்துவிடும். சத்தத்தைக் கூட்டுவோம். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதென்றால் 80 டெசிபலுக்குள் இருங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபேனோடு போட்டி போட்டால் அந்தக் கணக்கு சீக்கிரம் தப்பும். இரவு பதினோரு மணிக்கு மேல், ஃபேனை இரண்டில் வைத்துக் கேட்கிறவர் என்றால் ஓபன் பேக் எடுங்கள். பகலில், ஹாலில், பக்கத்தில் டிவி ஓடுகிறது என்றால் கே371 மாதிரி மூடிய வகைதான் நடைமுறை. ஹார்மன் வளைவை ஒட்டிச் செய்தது அது, குரல் நன்றாகவே இருக்கும், 32 ஓம் என்பதால் போனிலேயே ஓடும். ஒரு நிபந்தனை, பேட் காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் காம்பு வழியாகக் காற்று கசிந்து பாஸ் ஓடிவிடும். பாஸ் போனால் குரலும் சோகை பிடித்த மாதிரி ஆகும். நான் கண்ணாடி போடுகிறவன். மெல்லிய காம்புள்ள பழைய கண்ணாடியைப் பாட்டு கேட்பதற்கென்றே வைத்திருக்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

வேர்வையும் ஒரு கணக்கு. செயற்கைத் தோல் பேட் நம் புழுக்கத்தில் ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்புக் கறுப்பாக உதிர்ந்து காதோரம் ஒட்டும். வெல்வெட் போன்ற துணி பேட் கொஞ்சம் தாங்கும். எதை வாங்கினாலும் அதற்கு மாற்று பேட் இங்கே கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள், வேறு கம்பெனி பேட் போட்டால் ஒலி மாறும்.

ஆம்ப் வேண்டுமா? எச்டி 560எஸ்ஸுக்குப் பெரிதாக வேண்டாம். போனில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால் ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கிடைக்கும் ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிளே (போனையும் ஹெட்போனையும் இணைக்கும் சின்னத் துண்டு) சுத்தமான ஒலி தரும், ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் பாதியோடு நின்றுவிடும். வேறு டாங்கிள் பாருங்கள். எச்டி 600 எடுத்தால் ஒரு சுமாரான டெஸ்க்டாப் ஆம்ப் நல்லது. எச்டி 600இன் இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, 300 ஓம் என்று போட்டிருந்தாலும் பாஸ் பகுதியில் 500ஐத் தொடும். பழைய ஸ்டீரியோ ரிசீவர்களில் ஹெட்போன் ஓட்டையின் உள் இம்பீடன்ஸ் நூற்றுக்கு மேல் இருப்பதுண்டு; அதில் சொருகினால் பாஸ் வீங்கி, எதிலிருந்து தப்பித்தோமோ அங்கேயே வந்து நிற்போம். இதற்கு மேல் ஆம்புக்குச் செலவு செய்யாதீர்கள். டாங்கிளுக்கும் பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை விட, நல்ல பேட்டுக்கும் நைந்த பேட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

காதுக்குள் செருகும் வகையை வேண்டாம் என்று நினைக்காதவர் என்றால், பட்ஜெட்டில் பாதி கூட ஆகாது. செங்டுவின் மூன்ட்ராப், அப்புறம் ட்ரூத்இயர் போன்ற சீனக் கம்பெனிகள் நான்கைந்து ஆண்டுகளில் இந்தச் சந்தையையே தலைகீழாக்கிவிட்டன. ஃபேன் சத்தமும் உள்ளே வராது. ரப்பர் முனை காதுக்குச் சரியாகப் பொருந்தினால் குரலின் நேர்மையில் பெரிய ஹெட்போன்களுக்கு நிகராக நிற்கும். எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காது அரிக்கும், அதனால்தான் முதலில் சொல்லவில்லை.

கடையில் கேட்டுப் பார்க்க முடிந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தம் கொஞ்சம் அதிகமாக இருப்பதுதான் நன்றாக இருப்பது போலத் தோன்றும். விற்கிறவருக்கும் இது தெரியும். சத்தத்தைக் காதளவில் சமமாக்கி, பாட்டு போடாமல் முதலில் பேச்சைப் போடுங்கள். செய்தி வாசிப்பு ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று. பிறகு தம்புராவோடு தொடங்கும் ஒரு ஆலாபனை. தம்புராவின் அந்த ரீங்காரம் குரலுக்குப் பின்னால் தனித் திரையாகத் தொங்க வேண்டும், குரலோடு சேர்ந்து குழையக் கூடாது. வயலின் பின்தொடரும்போது பாடகர் விட்ட இடத்தில் அது எடுப்பது தெரிய வேண்டும். பாஸ் பற்றிக் கடைசியில் யோசியுங்கள். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள், சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிற பிரபல மாடலைத் தொடவே தொடாதீர்கள். போலிகள் பெட்டி, சீரியல் நம்பர் சகிதம் வருகின்றன.

எச்டி 560எஸ்ஸோ எச்டி 600ஓ வந்து முதல் நாள் மாட்டியதும் ‘இதற்கா இவ்வளவு பணம்’ என்று தோன்றும், தயாராக இருங்கள். உப்பு காரம் தூக்கலாகச் சாப்பிட்ட நாக்குக்கு வீட்டு ரசம் சப்பென்றுதான் இருக்கும். ஹெட்போன் ‘பழக வேண்டும்’ என்பார்கள். பேட் கொஞ்சம் அமைந்து உட்காரும், மற்றபடி பழகுவது உங்கள் காதுதான். பத்து நாள் வேறு எதிலும் கேட்காதீர்கள். பதினோராவது நாள் பழைய ப்ளூடூத்தை எடுத்து அதே கச்சேரியை, அதே இடத்திலிருந்து போடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாள்தான் என்றால், ஆறாவது நாளே செய்துவிடுங்கள்.